கயிறைப் பத்தி

அன்புள்ள ஐயாவுக்கு,

அம்மா எழுதுதேன். இங்க எல்லாரும் சுகம். ஆனிக் காத்துக்கு வாழை கொஞ்சம் சாஞ்சிட்டு. கோயில் கொடைக்கு வந்துட்டுப் போனதுல இருந்து நீ பேசல. நான் போன் போட்டா மருமகதான் எடுக்கா, "வேலையா இருக்காவ அத்தை"ங்கா. பேரன் கையில கெடந்த சாதிக் கயிறைப் பத்தி நான் கேட்டது உனக்குப் புடிக்கல. போன்ல சொன்னா பாதியில வச்சிருவ, அதான் காயிதம்.

பேரனைக் குறை சொல்ல எழுதல. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ராத்திரி முழிச்சிருந்து வெந்நி வச்சுக் குடுத்த பிள்ளை அவன். அவனா கால்வாய்ல அப்படி நின்னான்னுதான் எனக்கு இன்னும் ஆறல.

கொடை முடிஞ்ச மறுநா. மேலத்தெருப் பையன், ஏழாப்பு படிக்கான், குளிச்சிட்டு இருந்தான். அவன் துண்டையும் டவுசரையும் நம்ம பிள்ளை தூக்கி வச்சுக்கிட்டு, "அண்ணாச்சின்னு சொல்லுல, தாரேன்"ங்கான். கூட்டாளிப் பயலுவ செல்போனை நீட்டிக்கிட்டுச் சிரிக்கானுவ. அந்தப் பிள்ளை இடுப்பளவு தண்ணியில வெடவெடன்னு நிக்கான், அழல. அழுதா அதையும் படம் புடிப்பானுவன்னு பயந்திருப்பான். நான்தான் துண்டைப் புடுங்கிக் குடுத்தேன். "சும்மா வெளையாட்டு ஆச்சி"ங்கான் உன் மகன். கையில ரெண்டு கலர்ல கயிறு.

வெளையாட்டுன்னா ரெண்டு பேரும் சிரிக்கணும்லாய்யா.

நாங்குநேரி நமக்கு என்ன தூரம்? 2023 ஆகஸ்ட்ல அங்க ஒரு பையன் பள்ளிக்கூடத்துக்கே போகப் பயந்து வீட்டுல கெடந்தான். தொந்தரவு பண்ணுதானுவன்னு வெளிய சொன்னதுக்கு, கூடப் படிச்ச பயலுவளே வீடேறி அரிவாளால வெட்டினானுவ. தடுக்கப் போன தங்கச்சிக்கும் வெட்டு. அதுக்கப்புறம்தானே பள்ளிக்கூடத்துல சாதிச் சண்டையை நிறுத்த யோசனை சொல்லச் சொல்லி அரசாங்கத்துல ரிட்டயர்டு நீதிபதி சந்துருவைப் போட்டாங்க. சாதியைக் காட்டுத கயிறு, மோதிரம், நெத்திக் குறி ஒண்ணும் பள்ளிக்கூடத்துல கூடாதுன்னு 2024ல அவர் எழுதிக் குடுத்தாரு. வெட்டுன பயலுவ கூர்நோக்கு இல்லத்துக்குப் போனானுவ. அவனுவளைப் பெத்தவளும் நம்ம பிள்ளை தங்கம்னுதான் நெனைச்சிருப்பா. உங்க சித்தப்பாவுக்காகப் பாளையங்கோட்டை ஜெயில்ல மனுப் போட்டுட்டு வெயில்ல நின்னவ நான். மறுபடி அந்த வாசல்ல நிக்கத் தெம்பு இல்ல.

அவனை அடிச்சிராத. அடிச்சா எளைச்சவன் மேல கொண்டுபோய் எறக்குவான். உக்கார வச்சுக் கேளு. மார்க்கை மட்டும் கேக்காத. யாரு கூட உக்காந்து சாப்பிட்ட, வகுப்புல எந்தப் பிள்ளை தனியாக் கெடக்கு, அதைக் கேளு. கயிறு யாரு கட்டிவிட்டதுன்னு கேளு. மருமக கேட்டா மழுப்புவான், நீ கேட்டாத்தான் சொல்லுவான். உக்கார வச்சுக் கேளுய்யா. அந்தப் படத்தை எல்லாப் பயலுவ செல்லுலயும் அழிக்கச் சொல்லு.

கொடையன்னைக்கு உன் கையிலயும் ஒண்ணு கெடந்துது. கோயில் கயிறுன்ன. கோயில் கயிறு எதுன்னு எனக்குத் தெரியாதா? முதல்ல அதை அவுத்துட்டு அவன்கிட்டப் பேசு.

பள்ளிக்கூடம் தெறந்தும் மேலத்தெருப் பிள்ளை சரியாப் போக மாட்டேங்கான். அவங்கம்மாட்ட, பிள்ளைங்களுக்கு ஒரு கஷ்டம்னா கூப்பிடுத 1098 நம்பரை நானே எழுதிக் குடுத்தேன். அது நம்ம வீட்டு மேல வந்து விடிஞ்சாலும் விடியட்டும்.

ஆடி அமாவாசைக்குப் பேரனைக் கூட்டிட்டு வா. அந்தப் பையன் வீட்டுக்கு அவனே நடந்து போகணும், அவனே பேசணும். கூட நான் வாரேன். நீயும் வரணும்.

அம்மா