கறுப்பி மறுபடி சாப்பிடுகிறாள்

எங்கள் தெருக்காரர்களுக்கும் தெருவுக்கு வெளியே கைகொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் பூனை கறுப்பிக்கு 15 வயது. ஆடி மாதம் பாதியிலிருந்து சாப்பாடு குறைந்துகொண்டே வந்தது. தட்டருகே போவாள், முகர்ந்து பார்ப்பாள், உதட்டை நக்கிக்கொண்டு திரும்பிவிடுவாள். முதலில் காட்டிய இடத்தில் "வயசாயிட்டு, விட்டுருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நாலு கிலோ இருந்தவள் மூன்றுக்கு இறங்கினாள். எதிர்வீட்டுத் தம்பி அன்றைக்கு லீவு போட்டுக் காரை எடுத்திருக்காவிட்டால், தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போயிருக்கவே மாட்டோம்.

அங்கே பார்த்த டாக்டரம்மாவுக்கு முதல் நன்றி. ரத்தத்தில் கிரியேட்டினின் என்கிற கழிவு ஏறியிருந்தது, சிறுநீரகக் கோளாறு. உதட்டை நக்குவது ஆசையில் இல்லையாம், குமட்டலாம். பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து அதையும் கெடுத்துவிடும், அதனால் பத்தியமெல்லாம் அப்புறம், முதலில் எதையாவது சாப்பிடட்டும் என்றார். குமட்டும்போது வாயில் திணித்தால் அந்தச் சாப்பாட்டையே வெறுத்துவிடும் என்றும் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மூன்று நாளாகச் சிரிஞ்சில் சோற்றைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தவள் நான்தான்.

பசியைத் தூண்டி, குமட்டலையும் அடக்கும் மாத்திரை, மனிதர்களுக்கானது. அதில் எட்டில் ஒரு பங்கு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் குட்டி மாத்திரையைக் கண்ணாடி மேல் வைத்து, பிளேடால் பொடியாகாமல் எட்டாக நறுக்கித் தந்த மெடிக்கல் கடைத் தம்பி, உனக்குப் பொறுமை ஜாஸ்தி.

மேல்வீட்டு நர்ஸ் அக்கா டாக்டரிடம் போனிலேயே கேட்டுக்கொண்டு, டியூட்டி முடிந்து வந்த அலுப்போடு ரிங்கர் லாக்டேட் என்கிற உப்புநீர் பாட்டிலை எங்கள் ஜன்னல் கம்பியில் தொங்கவிடுவார். தோள்களுக்கு நடுவே தோலைக் கூடாரம்போலத் தூக்கி ஊசியைச் செருகுவார். ஏறிய நீர் ஒரு பக்கமாகச் சரிந்து முன்னங்காலில் பை போலத் தொங்கும். முதல் நாள் அதைப் பார்த்துப் பதறிவிட்டேன். காலையில் வடிந்திருந்தது.

அப்புறம் மீன்கார அக்கா. விலை உயர்ந்த டின் உணவையெல்லாம் கறுப்பி மண்ணைத் தள்ளுவதுபோல் காலால் தள்ளி மூடப் பார்த்தாள். அக்காதான் கூடையிலிருந்து நாலு சாளையை எடுத்துவைத்து, "உப்பு, மஞ்சள், உள்ளி ஒண்ணும் போடாத தங்கச்சி. ஆவியில வேகவச்சு முள்ளை எடுத்துட்டு, சூடு ஆறுறதுக்குள்ள குடு" என்றார். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். உள்ளங்கைச் சூட்டில் இருந்தால்தான் வாசனை எழும்புகிறது. கிண்ணத்தை விட்டுவிட்டு, மீசை இடிக்காத தட்டையான சாசரில் வைத்தேன். ராத்திரி பதினோரு மணி. சாறை நக்கினாள். பிறகு ஒரு துண்டு. பிறகு என் விரல்.

சிறுநீரகம் திரும்பச் சரியாகாது, தெரியும். இப்போது மூன்றே கால் கிலோ. சிறுநீரகத்துக்கான பத்திய உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக மீனோடு கலந்து பழக்குகிறோம்.

மீன்கார அக்கா, சனிக்கிழமை நீங்கள் வரவில்லை. பத்து மணி வரை கறுப்பி வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். இனிமேல் வராத நாள் என்றால் முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.