நாப்கின் உறையில் பொருட்பட்டியல் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மகளிர் பகுதியில் மாதவிடாய் நலம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சுற்றி வளைக்காமல் எழுதிய கட்டுரையாளருக்கு நன்றி. 'உடலுக்கு ஒத்துக்கொள்கிற, தரமான நாப்கினாகப் பார்த்து வாங்குங்கள்' என்று முடித்திருந்தார். எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான் என் கேள்வி. மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். இந்தப் பாக்கெட்டுகளை அன்றாடம் கையாளுகிறவள் என்பதால் எழுதுகிறேன்.

குளியல் சோப்பின் உறையைத் திருப்பினால் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று வரிசையாக அச்சிட்டிருப்பார்கள். ஐந்து ரூபாய் பிஸ்கட்டிலும் அது உண்டு. உடம்பின் மிக மெல்லிய தோலோடு மாதத்தில் நான்கைந்து நாட்கள் ஒட்டிக் கிடக்கும் நாப்கினின் உறையில் பூப்படம், எண்ணிக்கை, விலை, தேதி இவைதான் பெரும்பாலும் இருக்கின்றன. உள்ளே இருப்பது என்ன என்று ஒரு வரி கிடையாது. இருந்தாலும் படிக்க விடுகிறோமா? கேட்ட மாத்திரத்தில் செய்தித்தாளில் சுற்றிக் கருப்புப் பையில் திணித்துக் கொடுப்பதுதான் கடை வழக்கம். வாங்குகிறவர் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கக்கூட வழியில்லை. எங்கள் கடையில் இப்போது யாராவது கேட்டால் மட்டுமே சுற்றித் தருகிறோம்.

தயங்கித் தயங்கிச் சந்தேகம் கேட்கும் கல்லூரிப் பெண்களுக்கு ஒரு நாப்கினைக் கத்தரித்தே காட்டுவேன். மேலே பஞ்சு போலத் தெரிவது பல நாப்கின்களில் பிளாஸ்டிக் இழை, அல்லது பொடித் துளைகள் போட்ட பிளாஸ்டிக் தாள். அதற்கடியில் மரக்கூழ். அதில் உப்புத்தூள் மாதிரிக் கலந்திருக்கும் மணிகள்மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டால் நொடியில் ஊதிக் கூழாகிவிடும்; ஈரத்தைப் பிடித்து வைப்பது அந்த வேதிப்பொருள்தான். அடியில் கசியவிடாத பிளாஸ்டிக், பிறகு பசை. 'அக்கா, இது பஞ்சு இல்லையா?' என்று ஒவ்வொரு பெண்ணும் கேட்கிறாள். இந்தப் பொருள்கள் எல்லாமே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. தெரிந்து வாங்கும் உரிமை அவளுக்கு இருக்கிறது என்கிறேன்.

என்னைக் கோபப்படுத்துவது வாசனை சேர்ப்பதுதான். அதனால் சுத்தம் கூடுவதில்லை, உறிஞ்சும் திறனும் கூடுவதில்லை. அரிப்பு, தடிப்பு என்று களிம்பு கேட்டு வருகிறவர்களிடம் முதலில் நாப்கினைத்தான் விசாரிக்கிறேன். வாசனை இல்லாததற்கு மாறியதுமே பலருக்குச் சரியாகிவிடுகிறது. 2022 நவம்பரில் டெல்லியின் 'டாக்ஸிக்ஸ் லிங்க்' என்ற சுற்றுச்சூழல் அமைப்பு, இந்தியச் சந்தையில் விற்கும் 10 நாப்கின்களைச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. பத்திலும் பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் என்ற வேதிப்பொருள்களும், எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் இருந்தன. தாலேட்டுகளில் சில ஹார்மோன்களின் வேலையில் குறுக்கிடக் கூடியவை. 'ஆர்கானிக்' என்று விற்றவையும் அந்தப் பத்தில் அடக்கம். இதனால் இன்ன நோய் வந்துவிடும் என்று பயமுறுத்த அந்த அறிக்கையை நான் சொல்லவில்லை. உறைமேல் போட்டிருக்கும் 'இயற்கை' என்ற சொல்லை மட்டும் நம்பி இரண்டு மடங்கு விலை கொடுக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் பகுதி ஜவுளிக்கடைகளில் நாளெல்லாம் நிற்கும் பெண்களை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. 2021-இல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. நல்ல சட்டம். நாப்கின் மாற்றப் போய்வர நேரமும் ஒழுங்கான கழிப்பறையும் எத்தனை கடைகளில் கிடைக்கின்றன? நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இவர்களோ காலையில் வைத்ததை இரவு வீட்டுக்குப் போய்த்தான் எடுக்கிறார்கள். சித்திரை வெயிலில், வேர்வையில், தொடையிடுக்கு உராய்ந்து புண்ணாகிப் பவுடர் கேட்டு வருகிறார்கள். அந்த இடத்தில் பவுடர் வேண்டாம் என்று சொல்லி, மருத்துவரிடம் அனுப்புகிறேன்.

பெண்ணுறுப்பைக் கழுவுவதற்கென்று விற்கும் வாசனைத் திரவங்களும் தேவையில்லை. பெண்ணுறுப்பின் உட்புறம் தன்னைத்தானே சுத்தப்படுத்திக்கொள்ளும். அங்கே வாழும் நல்ல பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, கிருமிகள் பெருகாமல் காக்கின்றன. சோப்பும் கிருமிநாசினியும் உள்ளே போனால் அந்தக் காவல் கெடும். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தால் அது வாசனையால் மறைக்க வேண்டியதல்ல, மருத்துவரிடம் காட்ட வேண்டியது.

நாப்கின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. பருத்தித் துணி நல்லதுதான். ஆனால் கட்டிலுக்கடியில் ஒளித்து உலர்த்தாமல், வெயிலில் காய வைக்க வேண்டும். பெண்ணுறுப்புக்குள் வைத்து உதிரத்தைப் பிடிக்கும் சிலிக்கான் மாதவிடாய்க் கப்பை ஒவ்வொரு மாதமும் கொதிநீரில் போட்டெடுத்து, ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தலாம். பக்கத்துக் கேரளத்தில் ஆலப்புழை நகராட்சி 2019-இல் ஆயிரக்கணக்கில் கப் வழங்கியது. 2022-இல் கும்பளங்கி ஊராட்சி, நாப்கின் இல்லாத ஊராட்சி என்று அறிவிக்கப்பட்டது. எல்லோருக்கும் கப் சரிப்பட்டு வரும் என்று சொல்ல மாட்டேன். மணமாகாத பெண்களிடம் கப் பற்றிப் பேசவே கூடாது என்று நினைக்கும் தாய்மார்களுக்கு மட்டும் சொல்கிறேன்: உங்கள் மகள் கேட்டால் தடுக்காதீர்கள்.

நாப்கினில் சேரும் பொருள்களை உறையில் அச்சிட வேண்டும் என்று நியூயார்க் மாநிலம் 2019-இலும் கலிபோர்னியா அடுத்த ஆண்டிலும் சட்டம் கொண்டுவந்தன. மத்திய அரசு அப்படிச் சட்டம் இயற்றட்டும். அதுவரை தமிழக அரசு காத்திருக்க வேண்டியதில்லை. 2012-இல் தொடங்கிய 'புதுயுகம்' திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் வழங்குவது இந்த அரசுதான். கொள்முதல் டெண்டரிலேயே இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கலாம்: வாசனை சேர்க்கக் கூடாது, உள்ளே உள்ள பொருள்கள் அனைத்தையும் உறையில் தமிழில் அச்சிட வேண்டும். அடுத்த டெண்டருக்கு முன் இதைத் தங்கள் இதழ் தலையங்கமாக எழுதிச் சுகாதாரத் துறையின் கவனத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
மதுரை.