3 கிரெடிட் கணிதத்துக்கு 120 மணி நேரம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பல்கலைக்கழக முதலாண்டில் நுண்கணிதம் படிக்கும் என் மகள், வாரந்தோறும் தரப்படும் கணக்குகள் மிக அதிகம் என்று குறைப்பட்டபோது, நானும் விரிவுரையாளர் மீதுதான் கோபம் கொண்டேன். பிறகு கணக்கிட்டுப் பார்த்தேன். எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி முகமையின் வரையறைப்படி ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். 3 கிரெடிட் பாடத்துக்கு 120 மணி நேரம். 14 வாரங்களில், வாரத்துக்கு 3 மணி நேர விரிவுரையும் 1 மணி நேரப் பயிற்சி வகுப்பும் சேர்ந்து 56 மணி நேரமே ஆகிறது. எஞ்சிய 64 மணி நேரத்தில், தேர்வு எழுதும் நேரம் போக மற்றதெல்லாம் மாணவர் தாமே உழைக்க வேண்டியது. பருவத் தொடக்கத்தில் இதை என் மகளுக்கு எவரும் விளக்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் அமர்த்திய பிரத்தியேக ஆசிரியரோ இடுபணி முழுவதையும் தாமே செய்து கொடுத்தார் (வாங்கிய கட்டணத்தை இங்கே எழுதினால் வீட்டில் மீண்டும் சண்டை வரும்). இடுபணி மதிப்பெண் ஏறியது. ஆனால் பருவ இடைத்தேர்வில், இரு சார்புகளின் பெருக்கத்தைத் தொகையிடும் முறையான பகுதித் தொகையிடலில் எந்தச் சார்பை வகையிடுவது, எதைத் தொகையிடுவது என்று தெரியாமல் அவள் விழித்தாள்.

விடையைச் சொல்லாமல், எந்தப் படியில் சிக்கினாய் என்று கேட்கும் மூத்த மாணவர்களை வாரம் இரண்டு மாலைகளாவது கணிதத் துறைகள் அமர்த்தட்டும்.

ஒரு தந்தை,
செந்தூல், கோலாலம்பூர்