மூணாம் பருவமும் விளையாட்டு விழாவும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பான பெற்றோர் எல்லாருக்கும் வணக்கம்.

ரெண்டாம் பருவம் நல்லபடியா முடிஞ்சுது, அறிவியல் கண்காட்சி, பேச்சுப்போட்டி, கோலப்போட்டின்னு பிள்ளைங்க எல்லாத்துலயும் கலக்கிட்டாங்க, வாழ்த்துகள். அடுத்து பிப்ரவரில விளையாட்டு விழா.

அதைப்பத்திதான் கொஞ்சம் மனசு விட்டுப் பேசணும். ப்ராக்டீஸ் ஆரம்பிச்சதுல இருந்து காய்ச்சல், வயித்துவலின்னு லீவ் லெட்டரா வருது, முக்காவாசி பொம்பளப் பிள்ளைங்களோடது, போன் பண்ணி விசாரிச்சா "வெயில்ல கருத்துப் போயிடுவா மிஸ்"ங்கிறீங்க. வெயில் தோலுக்குக் கெடுதல்னு நீங்க பயப்படுறது நியாயம்தான். காலைல 10ல இருந்து சாயங்காலம் 4 வரைக்கும் புற ஊதாக் கதிர் கடுமையா இருக்கும், அதனாலதான் ப்ராக்டீஸை 9 மணிக்குள்ளயும் 4 மணிக்கு மேலயும் மாத்தி வச்சிருக்கோம். தன் நிழல் தன் உயரத்தைவிடக் குட்டையா தெரிஞ்சா உடனே மரத்தடிக்குப் போயிடணும்னு பிள்ளைங்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கோம்.

நீங்க முழுக்கை காட்டன் சட்டையும், காது பிடரி மறையுற அகலத் தொப்பியும் போட்டு அனுப்புங்க. சன்ஸ்க்ரீன் (வெயில் தடுக்குற க்ரீம்) வாங்குறவங்க டப்பா மேல போட்டிருக்கற எஸ்பிஎஃப், அதாவது வெயில் தடுக்குற அளவு, 30க்குக் குறையாம பாத்து வாங்கி கிளம்புறதுக்கு 20 நிமிஷம் முன்னாடியே முகம், கழுத்து, கை, கால்னு தாராளமா தடவுங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திரும்பப் போடணும், வேர்த்து வழிஞ்சா அதுக்கு முன்னாடியே. வாங்க முடியலன்னா வருத்தப்பட வேணாம், தொப்பியும் நிழலும்தான் முக்கியம். பவுடர் பூசினா வெயில் தடுக்காது. நம்ம கறுப்புத் தோல்ல இருக்கற மெலனின்ங்கற நிறமி ஓரளவுக்குக் காவல், ஆனா முழுக்காவல் இல்ல, எரிச்சலும் தடிப்பும் நம்ம பிள்ளைங்களுக்கும் வரும்.

ஆனா ஒண்ணு கண்டிப்பா சொல்றேன். சிவப்பழகு க்ரீம் தடவிப் பிள்ளைங்கள அனுப்பாதீங்க. டாக்டர் சீட்டு இல்லாம கடைல வாங்குற சில க்ரீம்ல ஸ்டீராய்டுங்கற வீரியமான மருந்து இருக்கு, அது தோலை மெலிசாக்கி வெயில் பட்டாலே எரியுற மாதிரி பண்ணிடும். அதைவிட, நல்லா ஓடுற ஒரு ஏழாங்கிளாஸ் பிள்ளை கிளாஸ் ஜன்னல் வழியா மத்தவங்க ஓடுறதப் பாத்துட்டு உக்காந்திருந்தா, அதை என்னால தாங்க முடியல. நிறத்துக்காக ஒரு பிள்ளையக் கிரவுண்டுக்கு விடாம வைக்கிறத இந்தப் பள்ளிக்கூடம் ஏத்துக்காது. இனிமே ரெண்டு நாளுக்கு மேல லீவ்னா டாக்டர் சீட்டு வேணும்.

உங்க மேல கோவமில்ல, பிள்ளைங்க மேல உங்களுக்கு இருக்கற அக்கறை எனக்கு நல்லாத் தெரியும். தோல் வியாதி இருக்கற பிள்ளைங்க, மாத்திரை சாப்பிடுற பிள்ளைங்க இருந்தா நேர்ல வந்து சொல்லுங்க, அவங்களுக்குத் தனியா ஏற்பாடு பண்றோம். கிரவுண்டு ஓரமா பந்தல் போட்டுக் கொடுத்த பெற்றோருக்கும், தினமும் நீர்மோர் கொண்டுவர்ற அம்மாக்களுக்கும் ரொம்ப நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியை