கடிதத்தின் மறுபாதி

ஆசிரியர் அவர்களுக்கு,

சிலி நாட்டு எழுத்தாளர் இசபெல் அலெண்டேயின் கடிதச் சேமிப்பைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையை வாசித்தேன். தந்தை லிமாவிலிருந்த சிலித் தூதரகத்தில் பணியாற்றிய காலத்தில், 1942இல், அங்கே பிறந்த அவர், 1973 செப்ரெம்பர் 11ஆம் திகதி இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதன் பின்னர் 1975இல் வெனிசுவேலாவில் தஞ்சம் புகுந்தார். தாயும் தானும் எழுதிக்கொண்ட கடிதங்கள் ஏறத்தாழ 24,000 தம்மிடம் இருப்பதாக அவரே சொல்லியிருக்கிறார். கட்டுரையாளர் அந்தத் தொகையை வியந்ததோடு நிறுத்திவிட்டார். நாட்டை இழந்த ஒருத்தியிடம் அனுப்பியவையும் வந்தவையும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

2009 தை மாதக் கடைசியில், இறுதி யுத்தத்தின்போது, வன்னியிலுள்ள எங்கள் ஊரான விசுவமடுவிலிருந்து இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது, கனடாவிலிருந்து தம்பி அம்மாவுக்கு எழுதிய கடிதங்களையெல்லாம் பிஸ்கற் ரின் ஒன்றில் அடைத்து, உரப்பையால் சுற்றி, மாமரத்தடியில் தாட்டுவிட்டுப் போனோம். காணி உறுதியும் பிறப்புச் சாட்சிப்பத்திரங்களும் மாத்திரம் எங்களோடு கரையோரக் கிராமமான மாத்தளன் வரை வந்தன. (ஓர் இரவுக்குள் தெரிவுசெய்யச் சொன்னால் எவரும் உறுதியைத்தான் எடுப்பர், அதில் எனக்கு இன்றும் மனக்குறை இல்லை.) மீள்குடியேறிய பின் தோண்டிப் பார்த்தபோது ரின் கறள் பிடித்து உக்கியிருந்தது, உள்ளே இருந்த தாள்கள் கூழாகிவிட்டன.

ஆனால் அம்மா தம்பிக்கு எழுதியவை ரொறன்ரோவில் அவன் வீட்டு நிலவறையில் பத்திரமாக இருக்கின்றன. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு எவ்வளவு கொடுத்தோம், மலேரியாவில் எத்தனை நாள் படுத்தோம், குப்பி விளக்கில் எந்தப் பிள்ளை என்ன படித்தது என்று அவர் எழுதாத சங்கதி இல்லை. இப்படி வன்னித் தாய்மாரின் கடிதங்கள் எத்தனையோ வெளிநாட்டு வீடுகளில் இருக்கும். அவற்றைப் பெற்றவர்களுக்கும் வயதாகிவிட்டது. தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் வீடு துப்புரவாக்கும் நாளில் அவற்றைப் பழைய தாளென்று எறியக்கூடும்.

2005 முதல் நம்மவரின் நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவில் பேணிவரும் நூலகம் நிறுவனத்திடமோ, நம்பிக்கையான வேறு சுவடிக்காப்பகத்திடமோ அவற்றின் பிரதிகளையாவது ஒப்படைக்குமாறு தங்கள் புலம்பெயர் வாசகர்களைக் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன். கடிதங்களில் அயலாரின் பெயர்களும் குடும்ப வழக்குகளும் இருக்கும் என்பதால், குறித்த காலம் வரை எவருக்கும் திறந்து காட்டலாகாது என்ற நிபந்தனையை எழுத்தில் பெற்ற பின்னரே கொடுப்பது நல்லது.

தம்பியிடம் கேட்டுவிட்டேன். 63 கடிதங்கள் இருப்பதாக எண்ணிச் சொன்னான். இரண்டில் தான் தேநீரை ஊற்றிவிட்டதாகவும் ஒப்புக்கொண்டான்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
விசுவமடு.