விற்பவரிடம் பின் நம்பர் எதற்கு?

பழைய பொருள் வாங்கி விற்கும் செயலிகளை நடத்துகிற நிறுவனத்தாருக்கு,

வணக்கம். சேலத்தில் இருக்கும் என் அக்கா போன மாதம் ஒரு கிரைண்டரை விற்கப் பார்த்தார். கோயம்புத்தூரில் வாங்கிய இரண்டு லிட்டர் டில்டிங் கிரைண்டர். பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள், இரண்டு பேருக்கு இவ்வளவு பெரிய கல் எதற்கு என்று நாலு போட்டோ எடுத்து உங்களைப் போன்ற ஒரு செயலியில் போட்டார். விலை 4,500 ரூபாய். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, போன் வந்துவிட்டது.

பேசியவர் ராணுவத்தில் இருக்கிறாராம். மாற்றலாகி வருகிறாராம், வண்டி அனுப்பி எடுத்துக்கொள்வாராம். சீருடை போட்ட அடையாள அட்டையின் படம் வாட்ஸாப்பில் வந்தது. விலையில் ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லவில்லை. அங்கேயே அக்கா போனை வைத்திருக்க வேண்டும். பேரம் பேசாமல் பழைய கிரைண்டர் வாங்குகிற மனிதர் நம் ஊரில் உண்டா?

முதலில் சோதனைக்கு ஒரு ரூபாய் அனுப்பினார். வந்தது. அப்புறம் ஒரு க்யூஆர் படம். அதன்மேல் ஆங்கிலத்தில் ‘பெறுவது 4,500’ என்று அச்சடித்திருந்தது. அந்தப் படத்தில் யார் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்று அக்காவுக்கு எப்படித் தெரியும்? ஸ்கேன் செய்தார். யூபிஐ பின் நம்பர் கேட்டது, போட்டார். 4,500 போய்விட்டது. “ஐயோ, மாறிப் போச்சு, இதை ஸ்கேன் பண்ணுங்க, திரும்பி வந்துடும்” என்று இன்னொரு க்யூஆர். மொத்தம் 9,000. கிரைண்டர் தாழ்வாரத்திலேயே இருந்தது.

அன்று மாலையே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்தோம். வங்கியில் சொன்னது ஒன்றே ஒன்று: பின் நம்பரைப் போட்டது நீங்கள்தானே? அவர்களையும் குறை சொல்ல முடியாது. ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு விதி அப்படித்தான் இருக்கிறது. வாடிக்கையாளரே ரகசிய எண்ணைக் கொடுத்துவிட்டால், புகார் செய்யும்வரை போன பணம் அவர் தலையில்தான்.

யூபிஐயில் பணம் வருவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. போவதற்குத்தான் தேவை. இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் அக்காவின் பணம் தப்பியிருக்கும். ஆனால் இதை ஒவ்வொருவரும் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? ஒருவர் இன்னொருவருக்குப் பணம் கேட்டு வேண்டுகோள் அனுப்பும் வசதி இப்படித்தான் மோசடிக்குப் பயன்பட்டது. 2025 அக்டோபரோடு அதை நிறுத்தும்படி, யூபிஐயை நடத்துகிற என்பிசிஐ சொல்லிவிட்டது. அவர்கள் ஒரு கதவை அடைத்தார்கள். க்யூஆர் கதவு திறந்துதான் கிடக்கிறது. அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே நிற்பவர்கள் நீங்கள். வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்து வைத்துவிட்டு, பணம் என்று வந்ததும் “அது உங்கள் இருவருக்குள்” என்று ஒதுங்கிக்கொள்கிறீர்கள். உங்கள் எச்சரிக்கை எங்கோ அடியில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கிறது.

நான் கேட்பது புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லி அல்ல. புதுப் பங்கு வெளியீட்டுக்கு யூபிஐ வழியாக விண்ணப்பித்தால் என்ன நடக்கிறது? பணம் என் கணக்கிலேயே இருக்கும், ஆனால் நான் தொட முடியாது. பங்கு கிடைத்தால் எடுத்துக்கொள்வார்கள், கிடைக்காவிட்டால் பூட்டு திறந்துவிடும். 2019 முதல் இது நடப்பில் இருக்கிறது. லட்சக்கணக்கில் பங்கு கேட்பவருக்குக் கிடைக்கிற பூட்டு, நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் கிரைண்டருக்குக் கிடைக்காதா? சிங்கப்பூரில் கரௌசல் செயலியில், பொருள் கைக்கு வந்து சேரும்வரை வாங்குபவரின் பணத்தை நடுவில் நிறுத்தி வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. அதற்குச் சிறு கட்டணமும் வாங்குகிறார்கள். நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள். நாற்பது ஐம்பது ரூபாய்க்கு யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

ஈரோட்டிலிருந்து ஒருவர் கிரைண்டரைக் கேட்கிறார் என்று வையுங்கள். உங்கள் செயலிக்குள்ளேயே 4,500 ரூபாயைப் பூட்டுகிறார். அக்காவின் திரையில் ‘பணம் தயார்’ என்று தெரிகிறது. அவர் நேரில் வந்து, கல்லைச் சுழலவிட்டுப் பார்த்து, பிடித்திருந்தால் நாலு இலக்க எண் ஒன்றைச் சொல்கிறார், செயலியில் கூப்பிட்ட ஆட்டோவில் ஏறும்போது நாம் சொல்கிறோமே, அதுபோல. அதை அக்கா செயலியில் போட்டதும் பணம் அவருக்கு வருகிறது. இதில் எந்த இடத்திலும் அக்கா எதையும் ஸ்கேன் செய்யவில்லை, பின் நம்பர் போடவில்லை. விற்பவருக்கு அந்தத் திரையே வரக்கூடாது, அவ்வளவுதான்.

விற்பவராக நடிக்கும் மோசடிக்காரர்கள் அந்த நாலு இலக்க எண்ணையும் வாங்குபவரிடம் போனில் பேசியே கறந்துவிடுவார்கள் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான், முயற்சி செய்வார்கள். அதனால் எண்ணைக் காட்டும் முன்னால் ‘பொருளை நேரில் பார்த்துவிட்டீர்களா?’ என்று பெரிய எழுத்தில், தமிழில் கேளுங்கள்.

சரி, இதற்கெல்லாம் நாள் ஆகும். ஆனால் இதை நாளைக்கே செய்யலாம்: 1930 புகார் எண்ணோடு ஒருவர் உங்களுக்கு எழுதினால், அந்தக் கணக்கை அன்றே முடக்குங்கள். அதே கணக்கோடு பேசிக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வரி அனுப்புங்கள். அக்கா எழுதியபோது வந்தது ‘தங்கள் கருத்துக்கு நன்றி’ என்ற தானியங்கிப் பதில். அந்த ராணுவ வீரர் இரண்டு நாள் கழித்தும் ஆன்லைனில்தான் இருந்தார்.

பெட்டிக்கடையில்கூட இத்தனை ரூபாய் வந்தது என்று ஒரு சின்னப் பெட்டி கத்திச் சொல்கிறது. வீட்டில் ஒற்றைப் பொருளை விற்கிறவருக்கு அந்தத் துணையும் இல்லை. யாராவது ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி ‘அனுப்பிட்டேன்’ என்றால் நம்ப வேண்டியதுதான். வங்கிக் கணக்கைத் திறந்து இருப்பைப் பார்க்காமல் பொருளைத் தூக்கவிடாதே என்று அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

கிரைண்டர் விளம்பரத்தை அக்கா இன்னும் எடுக்கவில்லை. நேற்று அம்மாபேட்டையிலிருந்து ஒரு அம்மா பேசினாராம். கல் தேய்ந்திருக்கிறதா, மோட்டார் மாற்றியதா என்று அரை மணி நேரம் குடைந்துவிட்டு, “மூவாயிரம்னா இப்பவே வந்து எடுத்துக்கிறேன்” என்றாராம். அக்காவுக்கு ஒரே நிம்மதி. “பேரம் பேசுறாங்கடா, நிஜ ஆள்தான்” என்கிறார்.

இப்படிக்கு,
சேலத்து அக்காவின் தம்பி