ரயில் போய்ச் சேரும் ஊர்க்காரர்களையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த ஆப்பிரிக்க ரயில் பாதைகள் பற்றிய கட்டுரையைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்துகொண்டு இரண்டு தடவை படித்தேன். அங்கோலாவின் லோபிட்டோ துறைமுகத்துக்குப் போகிற பாதைக்குப் பின்னால் அமெரிக்கா, தான்சானியாவையும் ஜாம்பியாவையும் இணைக்கிற டாசாரா பாதைக்குப் பின்னால் சீனா, யார் ஜெயிப்பார்கள் என்று கிரிக்கெட் மேட்ச் மாதிரி முழுப் பக்கம். தகவல் தப்பு என்று சொல்லவில்லை. அந்த ரயில் போய் நிற்கிற ஊர்களில் இருப்பவர்கள் ஒருவர்கூட அதில் இல்லையே என்பதுதான் என் வருத்தம். செம்பு வெளியே போகிற கதை இருக்கிறது. அந்த ஊர்களுக்குள் உரமும் மருந்தும் மோட்டாரும் எப்படி வருகின்றன, எத்தனை நாளில் வருகின்றன என்பதற்கு ஒரு வரி கிடையாது.

நான் தூத்துக்குடிக்காரன். பதினாலு வருஷமாக டர்பன் துறைமுகத்தை ஒட்டி ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். என் மேசைக்கு வருவதில் பெரும்பாலானவை இந்த நாட்டுக்கான சரக்கே அல்ல, ஜிம்பாப்வேக்கும் ஜாம்பியாவுக்கும், சில சமயம் காங்கோவின் லுபும்பாஷிக்கும் போகிற டிரான்சிட் கண்டெய்னர்கள்.

கடலோரத்தில் பிறந்த நமக்கு, கடல் இல்லாத நாடு என்றால் என்ன என்பது சட்டென்று உறைக்காது. இந்தப் பக்கத்தில் ஜிம்பாப்வே, ஜாம்பியா, மலாவி, போட்ஸ்வானா, லெசோத்தோ, எஸ்வாத்தினி என்று ஆறு நாடுகளுக்குக் கடற்கரை கிடையாது. வெளியிலிருந்து எது வாங்கினாலும் இன்னொருவர் வீட்டு வாசல் வழியாகத்தான் உள்ளே எடுத்துவர வேண்டும். கடலுக்குப் போய்வர இவர்களுக்கு உரிமை உண்டு என்று 1982-ஆம் ஆண்டு ஐ.நா. கடல் சட்டத்தின் 125-ஆவது பிரிவு சொல்கிறது. உரிமை இருக்கிறது, வேகன்தான் இல்லை.

போன வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். ஜிம்பாப்வேயின் புலவாயோ நகரில் விவசாயக் கருவிகள் கடை வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் கோயம்புத்தூர் பம்ப்செட் ஒரு கண்டெய்னர் வாங்கினார். ஜிம்பாப்வேயில் மே மாதம் கோதுமை விதைப்பார்கள், அது மழை இல்லாத குளிர்காலப் பயிர், இறைத்த தண்ணீரில்தான் விளையும், அதனால் ஏப்ரல் கடைசிக்குள் பம்ப் கடைக்கு வந்துவிட வேண்டும். ஏப்ரல் பாதியில் கண்டெய்னர் டர்பனில் இறங்கியது. ரயிலில் போனால் செலவு குறையுமே என்று அவர் கேட்டார், நானும் அலைந்தேன். வேகன் எப்போது கிடைக்கும், எல்லைக்கு அந்தப் பக்கம் என்ஜின் எப்போது வந்து இழுத்துக்கொண்டு போகும் என்று தேதி சொல்ல ஆள் இல்லை. பன்னிரண்டு நாள் பார்த்துவிட்டு லாரியில் ஏற்றினோம். புலவாயோ சுமார் 1,400 கிலோமீட்டர். இரண்டு நாளில் பெய்ட்பிரிட்ஜ் எல்லை வரை போன லாரி, ஒரு தாளில் கண்டெய்னர் எண்ணில் ஓர் இலக்கம் மாறிப்போயிருந்ததால் ஒன்பது நாள் அங்கேயே நின்றது. தப்பு எந்த ஆபீஸில் நடந்தது என்று இங்கே கிளற விரும்பவில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து ஜிம்பாப்வேக்குள் நேராகப் போக இருக்கிற ஒரே சாலைக் கடவு அதுதான், டிரைவர் லிம்போப்போ ஆற்றங்கரையில் லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு தினமும் எனக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தார். பம்ப் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மே இரண்டாம் வாரம், வாங்க இருந்தவர்களில் பலர் பழைய பம்பையே ரிப்பேர் பார்த்து ஓட்டத் தொடங்கிவிட்டார்கள்.

எனக்கு வயிற்றெரிச்சல் எதில் என்றால், அங்கே பாதை இல்லாமல் இல்லை. டர்பன் துறைமுகத்துக்குள் தொடங்குகிற தண்டவாளம் ஜோகன்னஸ்பர்க், பெய்ட்பிரிட்ஜ், புலவாயோ, 1905-இல் திறந்த விக்டோரியா அருவிப் பாலம், ஜாம்பியாவின் லிவிங்ஸ்டன், லுசாக்கா, காங்கோவின் லுபும்பாஷி என்று போய், அங்கிருந்து மேற்கே திரும்பி நீங்கள் எழுதிய அதே லோபிட்டோவில் அட்லான்டிக் கடலைத் தொடுகிறது. இந்துமாக்கடலிலிருந்து அட்லான்டிக் வரை, ஐந்து நாடுகளில், தண்டவாளத்தின் அகலம் ஒன்றுதான், 1,067 மில்லிமீட்டர். இது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்பது நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும்: மீட்டர் கேஜும் பிராட் கேஜும் சந்திக்கிற ஸ்டேஷன்களில் மூட்டைகளை ஒரு வேகனிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றியதை அவர்கள் பார்த்திருப்பார்கள். தான்சானியாவின் பழைய பாதை 1,000 மில்லிமீட்டர், டாசாரா 1,067. நாலு விரல்கூட வராத இந்த 67 மில்லிமீட்டருக்காகக் கிடாட்டு என்ற ஊரில் சரக்கை இறக்கி ஏற்ற ஒரு யார்டே வைக்க வேண்டியிருந்தது. டர்பன் வழியில் அந்தத் தொல்லை எங்குமே கிடையாது. இங்கே பூட்டிய வேகனை லுபும்பாஷியில் போய்த் திறக்கலாம்.

பின்னே ஏன் போவதில்லை? எல்லையில்தான் சிக்கல். ஒவ்வொரு நாட்டு ரயில்வேயும் தன் என்ஜினை எல்லையில் கழற்றிக்கொள்கிறது, அடுத்த நாட்டு என்ஜின் வரும்வரை வேகன்கள் யார்டில் கிடக்கின்றன. அப்புறம் வேகன் வாடகை. என் வேகன் உன் நாட்டில் எத்தனை நாள் இருக்கிறதோ அத்தனை நாளுக்கு நீ காசு கட்டு என்பது ஏற்பாடு. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த பாத்திரம் எப்போது திரும்பி வரும் என்று தெரியாதபோது யார்தான் நல்ல பாத்திரத்தைக் கொடுப்பார்கள்? போட்ஸ்வானாவுக்கு வேறு மாதிரி அடி: 1999-இல் பெய்ட்பிரிட்ஜிலிருந்து புலவாயோவுக்கு நேர்ப்பாதை திறந்ததும், அதுவரை அவர்கள் நாட்டு வழியாகப் போன டிரான்சிட் சரக்கு பெருமளவு கைவிட்டுப் போனது.

எங்கள் பக்கத்துக் குறையையும் மறைக்க முடியாது. தென்னாப்பிரிக்க அரசின் சரக்கு ரயிலை ஓட்டுகிற டிரான்ஸ்நெட் நிறுவனம் 2017-18-இல் 22 கோடியே 60 லட்சம் டன் சரக்கு ரயிலில் இழுத்தது, 2022-23-இல் அது 15 கோடி டன்னுக்கும் கீழே இறங்கியது. செம்புக் கம்பித் திருட்டு ஒரு காரணம். 1,064 என்ஜின்கள் வாங்கிய ஒப்பந்தத்தில் நடந்த ஊழல், அதனால் உதிரிப் பாகம் கிடைக்காமல் என்ஜின்கள் முடங்கியது இன்னொன்று, இதெல்லாம் அரசு ஊழல்களை விசாரித்த சோண்டோ கமிஷன்வரை போன விஷயம். ஜிம்பாப்வேயில் 1983-இல் ஹராரேயிலிருந்து டபூக்கா வரை மின்மயமாக்கிய பாதையில் இன்று மின்ரயிலே ஓடுவதில்லை, கம்பிகளையும் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். ஜாம்பியா 2018-இல், கனரகச் சரக்கில் 30 சதவீதம் ரயிலில்தான் போக வேண்டும் என்று உத்தரவே போட்டது. நல்ல உத்தரவு. வேகனும் என்ஜினும் இல்லாமல் எதில் ஏற்றுவது?

ரயிலில் போக முடியாததெல்லாம் எங்கள் தெருவில் வந்து நிற்கிறது. நான் குடியிருப்பது மெரிபேங்க், அடுத்தாற்போல் கிளேர்வுட், முருகன் கோயில் காவடிக்குப் பேர் போன இடம். ஒரு காலத்தில் வீடும் தோட்டமுமாக இருந்த தெருக்களில் இன்று கண்டெய்னர் லாரிகள் இரவு பகலாக நிற்கின்றன. எங்கள் வீட்டுக்கார அம்மாவுக்கு எண்பது வயது. அவருடைய தாத்தா வட ஆற்காட்டிலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்து நேட்டால் ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர், ரயில்வே பாரக்ஸில் குடியிருந்தவர். நம்மவர்கள் கையால் போட்ட பாதை சும்மா கிடக்க, லாரி போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிர்கிறதே என்று அந்த அம்மா சொல்லும்போது எனக்குப் பதில் வருவதில்லை. கண்டெய்னர் முனையத்துக்குப் போக பேஹெட் ரோடு ஒன்றுதான் வழி, 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அது அரித்துக்கொண்டு போனது, மேலே காட்டோ ரிட்ஜ் போகிற ரயில் பாதையும் பல இடங்களில் சரிந்தது. அதற்கு முந்தைய வருஷம் ஜூலைக் கலவரத்தில் மூய் ரிவர் பக்கம் லாரிகள் எரிந்தன. அந்த நாட்களில் லுசாக்காவிலிருந்தும் புலவாயோவிலிருந்தும் வந்த போன்களை நான்தான் எடுத்தேன், மருந்துக் கண்டெய்னர் எங்கே என்று கேட்டார்கள்.

உங்கள் கட்டுரையில் டாசாராவைச் சீனாவின் பழைய ராஜதந்திரம் என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். ஜாம்பியாக்காரர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. 1973 ஜனவரியில் ரொடீசியா, அதாவது இன்றைய ஜிம்பாப்வே, ஜாம்பியா எல்லையை மூடியபோது தெற்கு வழி அடைபட்டது, அப்படி ஒரு நாள் வரும் என்று பயந்துதான் 1970-லேயே தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகத்திலிருந்து ஜாம்பியாவின் கபிரி எம்போஷி வரை 1,860 கிலோமீட்டர் அந்தப் பாதையைப் போடத் தொடங்கியிருந்தார்கள். வாசலைச் சாத்தினால் என்ன ஆகும் என்பதை ஒரு தலைமுறை அனுபவித்த நாடு அது.

இப்போது ஒரு நல்ல காரியம் நடக்கிறது. தென்னாப்பிரிக்கா 2024 டிசம்பரில் தண்டவாளத்தைத் தனியாருக்கும் திறக்கும் விதிகளை வெளியிட்டது, 2025 ஆகஸ்டில் 11 தனியார் நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்ததாக அறிவித்தது. நான் வரவேற்கிறேன். என் பயம், வருகிறவர்கள் நிலக்கரி, இரும்புத் தாது, குரோம் என்று துறைமுகத்தை நோக்கி வருகிற கனிமத்தையே எடுத்துக்கொண்டு, எல்லையைத் தாண்டிப் போகிற கண்டெய்னரைத் தொடாமல் விட்டுவிடுவார்களோ என்பது. டர்பனிலிருந்து புலவாயோவுக்கு வாரத்தில் இரண்டு நாள், சரக்கு நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் குறித்த நேரத்தில் கிளம்பி, எல்லையில் என்ஜின் மாறாமல் போகிற கண்டெய்னர் ரயில் ஒன்று வேண்டும். வேகனுக்கு ஒரு கண்டெய்னர் என்று வைத்தாலும் 50 வேகனில் 50 லாரி குறையும். சுங்க சோதனையைப் புலவாயோவில் வைத்துக்கொள்ளலாம். முடியாத காரியம் ஒன்றுமில்லை, நேபாளத்துக்கு நம் நாடே செய்கிறது: கொல்கத்தாவில் சீல் வைத்த கண்டெய்னர் ரயிலில் ரக்சௌல் தாண்டி நேபாளத்தின் பீர்கஞ்ச் உலர்துறைமுகத்துக்கு, அதாவது கடலில்லாத இடத்தில் சுங்கச் சோதனையோடு இருக்கிற சரக்கு முனையத்துக்கு, நேராகப் போகிறது, 2004 முதல் அந்த உலர்துறைமுகம் இயங்குகிறது. நேபாளமும் கடல் இல்லாத நாடுதான்.

அடுத்த தடவை இந்தப் பாதைகளைப் பற்றி எழுதும்போது பெய்ட்பிரிட்ஜ் யார்டில் வேகன் எண்ணுகிறவர்களிடமும், லுசாக்காவில் சரக்குக்குக் காத்திருக்கிற ஒரு கடைக்காரரிடமும் பேசிவிட்டு எழுதச் சொல்லுங்கள். வேண்டுமானால் ஆட்களை நான் காட்டுகிறேன். எங்கள் புலவாயோ வாடிக்கையாளர் இந்த வருஷமும் பம்ப்செட் ஆர்டர் போட்டிருக்கிறார். போன வருஷம் பட்டதால் இந்தத் தடவை பிப்ரவரியிலேயே இறங்கும்படி வரவழைத்துவிட்டார், ரயிலா லாரியா என்று போன வாரம் கேட்டார், லாரி என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மெரிபேங்க், டர்பன்